அத்தியாயம் 7: பந்தலடியில் தொடங்கும் ஸ்டுடியோ

வெளிநாட்டில் ஆர்க்கிடெக்சர் படிக்க விரும்பும் தேனி மாவட்டப் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் முதலில் கேட்பது செலவு எவ்வளவு ஆகும் என்பது. அடுத்து, எந்த சாப்ட்வேர் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது. செலவைப் பற்றி இந்த அத்தியாயத்தின் பிற்பகுதியில் சொல்கிறேன். சாப்ட்வேரை எந்த ஊரிலும் ஆறு மாதத்தில் கற்றுவிடலாம். ஆறு மாதத்தில் வராத ஒன்று இருக்கிறது: ஓர் இடத்தைப் பார்த்து, அளந்து, அது ஏன் அப்படி இருக்கிறது என்று யோசித்து, யோசித்ததைக் கையால் வரைந்து காட்டும் பழக்கம். வெளிநாட்டுக் கட்டடக்கலைப் பள்ளிகளின் ஸ்டுடியோவும், அவர்கள் கூட்டிப்போகும் வரைபடப் பயணங்களும் இந்தப் பழக்கத்தை நம்பியே நடக்கின்றன. கூடலூரிலிருந்து ஆண்டிபட்டி வரை நீளும் நம் நிலத்தில் அதைப் பழகிக்கொண்டு போகலாம். எப்படி என்பதே இந்த அத்தியாயம்.

ஸ்டுடியோ எப்படி நடக்கும்

ஆர்க்கிடெக்சர் படிப்பில் வரலாறு, கட்டுமானம், ஸ்ட்ரக்சர் என்று வகுப்புகள் பல உண்டு. ஆனால் வாரத்தின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்வது டிசைன் ஸ்டுடியோதான். செமஸ்டர் தொடக்கத்தில் ஒரு பிராஜெக்ட் கொடுப்பார்கள். அது ஒரு நூலகமாக இருக்கலாம், மீன் சந்தையாக இருக்கலாம், முதியவர்கள் சேர்ந்து வாழும் வீடாக இருக்கலாம். சைட்டுக்குக் கூட்டிப் போவார்கள். அதன் பிறகு மூன்று நான்கு மாதம் அந்த ஒரே வேலைதான். ஆசிரியர் உங்கள் மேசைக்கு வந்து அமர்ந்து, நீங்கள் வரைந்ததன் மேல் பட்டர் பேப்பரைப் போட்டுத் தானும் வரைந்து பேசுவார். இடையிடையே எல்லோரும் ஷீட்டைச் சுவரில் குத்தி வைத்து விவாதிப்பார்கள். முடிவில் ஜூரி. வெளியிலிருந்து வந்த ஆர்க்கிடெக்டுகள் முன் நின்று உங்கள் வேலையை நீங்களே விளக்க வேண்டும்.

நம் பள்ளிக்கூடத்திலிருந்து போகிறவர்களுக்கு இதில் இரண்டு இடங்கள் கடினம். முதலாவது, ஒரே சரியான விடை என்று எதுவும் கிடையாது. ஆசிரியர் இந்த வாரம் ஒன்றைப் பாராட்டுவார். அடுத்த வாரம் அதையே கலைத்துப் போட்டு வேறு வழியில் யோசிக்கச் சொல்வார். இரண்டாவது, முடிந்த படத்துக்கு மட்டும் மதிப்பெண் விழாது. எங்கே தொடங்கினீர்கள், எதை ஒதுக்கினீர்கள், ஏன் ஒதுக்கினீர்கள் என்பதும் கணக்கில் வரும். அதனால் கிறுக்கல், கிழிந்த மாடல், பாதியில் விட்ட பிளான் எதையும் தூக்கி எறியாதீர்கள். தேதி போட்டு அடுக்கி வையுங்கள். அடுத்த பிராஜெக்டுக்கு அந்தக் கட்டுதான் முதலீடு.

சொந்த ஊரை ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோனவர்கள்

பிரான்சிஸ் கெரே 1965-ல் மேற்கு ஆப்பிரிக்காவின் புர்கினா பாசோ நாட்டில் காண்டோ என்ற கிராமத்தில் பிறந்தவர். ஊரில் பள்ளிக்கூடம் இல்லாததால் 7 வயதிலேயே வீட்டை விட்டு வேறு ஊருக்குப் படிக்கப் போனார். தச்சுவேலை பழகும் உதவித்தொகையில் 1985-ல் ஜெர்மனி சென்றவர், பிறகு பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஆர்க்கிடெக்சர் படித்தார். படித்துக்கொண்டிருக்கும்போதே தன் ஊருக்கு ஒரு தொடக்கப்பள்ளியை வடிவமைத்து, பணம் திரட்டி, ஊர்மக்கள் கையாலேயே கட்டி 2001-ல் முடித்தார். சுவர் களிமண் செங்கல், கொஞ்சம் சிமெண்ட் கலந்தது. மேலே துளைவிட்ட கூரை, அதற்கும் மேலே இடைவெளி விட்டு உயர்த்திய தகரக் கூரை. சூடான காற்று அந்த இடைவெளி வழியே வெளியேறிவிடும். 2004-ல் அந்தப் பள்ளிக்கு ஆகா கான் விருது கிடைத்தது. 2022-ல் கட்டடக்கலையின் மிக உயர்ந்த விருதான பிரிட்ஸ்கர் பரிசு கெரேவுக்குக் கிடைத்தது. தகரக் கூரைக்கு அடியில் உட்கார்ந்து படித்த நம் பிள்ளைகளுக்கு இந்தக் கூரையின் அருமையை விளக்க வேண்டியதில்லை.

ஜெர்மனியின் அன்னா ஹெரிங்கர், ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரக் கலைப் பல்கலைக்கழகத்தில் தன் பட்டத்துக்காகச் செய்த பிராஜெக்ட், வங்கதேசத்தின் ருத்ராபூர் கிராமத்தில் மண்ணும் மூங்கிலும் கொண்ட மெட்டி பள்ளிக்கூடமாக எழுந்தது. அதற்கு 2007-ல் ஆகா கான் விருது. மாணவர் பிராஜெக்ட் காகிதத்தோடு நின்றுவிட வேண்டியதில்லை என்பதற்கு இவை இரண்டும் சாட்சி.

நமக்குப் பக்கத்திலும் ஆட்கள் இருந்திருக்கிறார்கள். இலங்கையின் ஜெஃப்ரி பாவா வழக்கறிஞராக இருந்து, பிறகு லண்டனில் உள்ள ஆர்க்கிடெக்சுரல் அசோசியேஷனில் படித்து, 1957-ல் 38-வது வயதில் ஆர்க்கிடெக்டாகத் தகுதி பெற்றவர். ஊர் திரும்பி அவர் கட்டிய வீடுகளில் முற்றமும் தாழ்வாரமும் ஓட்டுக் கூரையும் புது உயிர் பெற்றன. மதுரையில் உள்ள பாய்ஸ் டவுன் அவர் வடிவமைத்தது. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் படித்து இந்தியா வந்த லாரி பேக்கர், திருவனந்தபுரத்தில் குடியேறும் முன் நம் மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கியின் வாகமண்ணில் வாழ்ந்தார். செங்கல்லைக் குத்தாக நிறுத்தி நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டும், துளைவிட்ட செங்கல் ஜாலிச் சுவரும் அவர் கையில் குறைந்த செலவு வீடுகளாயின. திருவனந்தபுரத்தில் அவர் கட்டிய வளர்ச்சி ஆய்வு மைய வளாகத்தை வரைய ஒரு முறையாவது போய் வாருங்கள். குமுளி வழியாக பஸ்ஸிலேயே போகலாம்.

கைப்பையில் இருக்க வேண்டியவை

- ஏ5 அளவில் கெட்டி அட்டை போட்ட வெள்ளைத்தாள் நோட்டு. கோடு போட்ட நோட்டு வேண்டாம்.
- எச்பி, 2பி, 4பி பென்சில்கள், நீரில் கரையாத கறுப்பு மை பேனா ஒன்று. தொடக்கத்தில் ரப்பர் வேண்டாம். தப்பான கோட்டின் மேலேயே சரியான கோட்டைப் போடுங்கள்.
- 5 மீட்டர் டேப். பெரிய வீடு அளக்கும் நாளில் 30 மீட்டர் டேப்பும் ஒரு துணையாளும்.
- தூக்குக்குண்டு. தெரிந்த கொத்தனாரிடம் இரவல் வாங்கலாம். சுவரும் தூணும் சாய்ந்திருக்கிறதா என்று அது காட்டும்.
- கைபேசியில் திசைகாட்டி. ஒவ்வொரு படத்திலும் வடக்கு எது என்று அம்புக்குறி இருக்க வேண்டும்.

அளவுகளை இரண்டு மொழியில் எழுதப் பழகுங்கள். நம் மேஸ்திரி அடி, அங்குலத்தில் பேசுவார். ஐரோப்பாவில் மீட்டரும் மில்லிமீட்டரும்தான். 1 அடி 304.8 மில்லிமீட்டர், 1 அங்குலம் 25.4 மில்லிமீட்டர். நிலைக்கதவு 6 அடி என்று கேட்டவுடன் 1830 மில்லிமீட்டர் என்று மனம் சொல்ல வேண்டும்.

ஒவ்வோர் இடத்திலும் மூன்று வேகத்தில் வரையுங்கள். முதலில் இரண்டு நிமிடப் படங்கள் நான்கைந்து, எங்கே உட்காரலாம் என்று தேட. பிறகு கால் மணி நேரப் படம், மொத்த வடிவத்துக்கு. கடைசியாக ஒரு மணி நேரப் படம், ஏதாவது ஓர் இணைப்புக்கு மட்டும்: தூண் உத்திரத்தைத் தாங்கும் இடம், ஓடு முடியும் விளிம்பு, கதவு சுழலும் குடுமி. ஒரே பக்கத்தில் பிளான், செக்ஷன் (வெட்டுத்தோற்றம்), ஒரு டீடெயில் மூன்றும் வந்துவிட்டால் அந்தப் பக்கத்தை எந்த ஊர் ஆசிரியரும் படித்துக்கொள்வார்.

பள்ளத்தாக்கில் வரைய வேண்டிய இடங்கள்

*திராட்சைப் பந்தல்.* கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழத்தைத் தெரிந்த அளவுக்குப் பந்தலை யாரும் கவனிப்பதில்லை. கட்டடக்கலை மாணவருக்குப் பந்தல்தான் முக்கியம். ஒரு தோட்டத்தின் ஓரத்தில் நின்று பாருங்கள். உள்ளே கல்தூண்கள் கட்டம் கட்டமாக நேராக நிற்கும். ஓரத்துத் தூண்கள் வெளிப்பக்கமாகச் சாய்ந்திருக்கும். அவற்றின் தலையிலிருந்து இழுகம்பி இறங்கி, மண்ணில் புதைத்த கல்லில் முடிந்திருக்கும். மேலே கம்பிகள் குறுக்கும் நெடுக்கும் ஓடிப் பின்னலாகும். கொடியும் குலையும் கம்பியைக் கீழே இழுக்கின்றன. கம்பி ஓரத்தூணை உள்ளே இழுக்கிறது. தூண் வெளியே சாய்ந்து நின்று, இழுகம்பியின் துணையோடு அந்த இழுப்பைத் தாங்குகிறது. நடுத்தூண்களுக்கு எடையைத் தாங்கும் வேலை மட்டும். மொத்தப் பந்தலின் உயிர் அந்த ஓரத்தில் இருக்கிறது.

இதை 1:50 அளவில் செக்ஷனாக வரையுங்கள். தூணின் சாய்வைத் தூக்குக்குண்டு விட்டு அளந்து எழுதுங்கள். எந்தக் கம்பி இழுபடுகிறது, எந்தக் கல் அழுந்துகிறது என்று இரண்டு வண்ணத்தில் குறியுங்கள். 1972 ஒலிம்பிக்குக்காக ஜெர்மனியின் மூனிக் நகரில் குந்தர் பெனிஷும் ஃப்ரை ஓட்டோவும் எழுப்பிய மைதானக் கூரை, சாய்ந்த கம்பங்களிலிருந்து தொங்கும் கம்பி வலைதான். கட்டடக்கலை மாணவர்கள் உலகெங்கிலுமிருந்து போய் அதை வரைகிறார்கள். ஃப்ரை ஓட்டோவுக்கு 2015-ல் பிரிட்ஸ்கர் பரிசு அறிவிக்கப்பட்டது. பந்தலின் ஓரத்தூணைப் புரிந்துகொண்ட பிள்ளைக்கு அந்தக் கூரை ஏன் விழாமல் நிற்கிறது என்று ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கம்பியின் இழுப்பு பக்கவாட்டில் பயணப்பட்டு ஓரத்தில் மண்ணில் இறங்குகிறது. இரண்டிலும் பாடம் அதுதான்.

*ஓட்டு வீடு.* உத்தமபாளையம், சின்னமனூர், போடி, பெரியகுளம் என்று எங்கும் பழைய தெருக்களில் திண்ணையும் முற்றமும் தாழ்வாரமும் கொண்ட வீடுகள் இன்னும் மிஞ்சியிருக்கின்றன. ஒரே ஒரு வீட்டை எடுத்து முழுதாக அளந்து வரையுங்கள். ஆர்க்கிடெக்சர் கல்லூரிகளில் மெஷர்டு டிராயிங் என்று சொல்வது இதைத்தான். அறையின் நீள அகலத்தோடு நிறுத்தாமல் மூலைக்கு மூலை குறுக்களவும் எடுங்கள். பழைய வீட்டில் எந்த அறையும் முழுச் சதுரமாக இராது. சுவரின் கனத்தை வாசலில் அளக்கலாம். திண்ணையின் உயரம், அதில் சாய்ந்து உட்காரும் சாய்மானம், தாழ்வார விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பதையெல்லாம் எழுதுங்கள். காலை, உச்சி, மாலை மூன்று வேளையும் முற்றத்தில் வெயில் எதுவரை விழுகிறது என்று சாக்பீஸால் கோடு போட்டு அளந்தால், எந்தக் கணினியும் தராத ஓர் அறிவு கைக்கு வரும்.

வீட்டாரிடம் அனுமதி கேட்கும் முறை முக்கியம். டேப்பைக் கண்டாலே சாலையை அகலப்படுத்த ஆள் வந்துவிட்டதோ, வரியை ஏற்றப் போகிறார்களோ என்று பயப்படுவார்கள். திண்ணையில் இருக்கும் பெரியவர் "என்னப்பா, வீட்ட வெலைக்குக் கேட்டு வந்திருக்கியா?" என்பார். நேராகச் சொல்லுங்கள்: "இல்லங்கய்யா, நான் ஆர்க்கிடெக்சர் படிக்கிறேன். பழைய வீடு எப்படிக் கட்டுனாங்கன்னு அளந்து படம் போட்டுப் பழகுறேன். முடிச்சதும் உங்களுக்கு ஒரு பிரதி கொண்டாந்து தாரேன்." பிரதி தருவதாகச் சொன்னால் தந்தே ஆக வேண்டும். பெண்கள் புழங்கும் நேரம் பார்த்து அடுப்படிப் பக்கம் போகாதீர்கள். அங்கே அளவு வேண்டுமென்றால் வீட்டுக்கார அக்காவையே டேப்பின் ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லுங்கள். இந்த அறையை ஏன் இங்கே வைத்தார்கள் என்ற கதையும் அப்போது வந்துசேரும்.

*தண்ணீர் போகும் வழி.* ஜான் பென்னிகுயிக் தலைமையில் கட்டப்பட்டு 1895-ல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணை சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த சாந்தில் எழுந்தது. மேற்கே ஓட வேண்டிய தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே நம் பக்கம் வருகிறது. அணைக்கு அருகே போய் வரைய வழியில்லை. லோயர் கேம்ப்பை நோக்கி மலைச்சரிவில் இறங்கும் மின்நிலையக் குழாய்களைச் சாலையோரத்தில் நின்று வரையலாம். அங்கிருந்து முல்லையாறு, தடுப்பணை, வாய்க்கால், மதகு, கண்மாய், வயல் என்று தண்ணீரைப் பின்தொடர்ந்து ஒரே நீளத் தாளில் படமாக்குங்கள். கம்பம் பள்ளத்தாக்கின் இருபோக நெல் நிலம் 14,707 ஏக்கர் என்பது விவசாயிகள் வாயில் எப்போதும் இருக்கும் கணக்கு. அந்த நிலத்தை ஆளும் வடிவமைப்பு இந்த நீர்வழிதான். நில அமைப்பும் நீரும் எந்த நாட்டு ஸ்டுடியோவிலும் சைட் ஆய்வின் முதல் பக்கமாக வரும்.

*பாறையும் பஜாரும்.* உத்தமபாளையத்தில் கருப்பணசாமி கோயிலை ஒட்டிய பாறையில் சமணத் தீர்த்தங்கரர்களின் புடைப்புச் சிற்பங்கள் உள்ளன. நிழல் எப்படி வடிவத்தைக் காட்டுகிறது என்று பழக அது நல்ல இடம். பாறையைத் தொடாமல், தாளை வைத்துத் தேய்க்காமல், தள்ளி உட்கார்ந்து வரையுங்கள். போடி ஏலக்காய் வியாபாரத்தின் ஊர். காயைத் தரம் பிரிக்கும் இடங்களில் பெண்கள் எந்த ஜன்னலோரம் உட்காருகிறார்கள், வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கவனியுங்கள். வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழாவில் கூட்டத்தை வரையுங்கள். சில நாளுக்குள் ஆற்றங்கரையில் கடைத்தெரு முளைத்து, வழி பிரிந்து, பிறகு தடமில்லாமல் கலைந்துபோகும். தற்காலிக நகரம் ஒன்றைப் படிக்க இதைவிடப் பக்கத்தில் வாய்ப்பு கிடைக்காது.

வரைந்ததை பிராஜெக்டாக மாற்றுவது

அழகான ஸ்கெட்ச் மட்டும் போர்ட்ஃபோலியோ ஆகாது. பார்த்ததிலிருந்து ஒரு கேள்வி பிறந்து, கேள்விக்கு ஒரு வடிவம் கிடைத்ததைக் காட்ட வேண்டும். ஓர் உதாரணம் தருகிறேன். கல்லூரி பிராஜெக்டுகளோடு இதையும் நீங்களாகச் செய்து சேர்க்கலாம்.

கம்பம், போடி பகுதிகளிலிருந்து விடியும் முன்னே பெண்கள் ஜீப் ஏறி, குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக ஏலத் தோட்டங்களுக்குப் போகிறார்கள். பெரும்பாலும் சாலையோரத்தில்தான் காத்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு காத்திருப்பு இடம் என்பதை பிராஜெக்டாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் பக்கம்: இடம். சாலை, டீக்கடை, விளக்குக்கம்பம், சாக்கடை எல்லாம் உள்ள சைட் பிளான். இரண்டாம் பக்கம்: ஆட்கள். எத்தனை பேர், எந்த நேரத்தில், கையில் என்ன, தூக்குவாளியை எங்கே வைக்கிறார்கள் என்பதைச் சின்னச் சின்னப் படங்களில் காட்டுங்கள். முகம் அடையாளம் தெரியும்படி வரைய வேண்டாம். மூன்றாம் பக்கம்: அளவுகள். ஜீப்பின் பின்படி உயரம், வயதான ஒருவர் சிரமமில்லாமல் ஏற வேண்டிய படியின் உயரம், உட்காரும் திண்ணையின் உயரம். நான்காம் பக்கம்: ஆனி, ஆடிக் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது, மழைச்சாரல் எதுவரை வருகிறது. ஐந்தாம் பக்கம்: ஒதுக்கிய யோசனைகள் மூன்று, ஒவ்வொன்றையும் ஏன் ஒதுக்கினீர்கள் என்று ஒரு வரி. ஆறாம் பக்கம்: தேர்ந்த வடிவம். பந்தலில் கற்ற சாய்ந்த தூணும் இழுகம்பியும் இங்கே கூரையாகலாம். ஓட்டு வீட்டில் அளந்த திண்ணை இங்கே இருக்கையாகலாம். ஏழாம் பக்கம்: 1:20 செக்ஷன், மனித உருவங்களோடு. கழிப்பறையும் குடிநீரும் இல்லாமல் இந்த பிராஜெக்ட் முடியாது. எட்டாம் பக்கம்: அட்டை மாடலின் படங்கள், இயற்கை வெளிச்சத்தில் எடுத்தவை.

இந்த எட்டுப் பக்கத்தில் உங்கள் கையும் கண்ணும் அக்கறையும் தெரியும். உலகில் எந்த ஊரிலும் இருக்கக்கூடிய கண்ணாடிக் கோபுரத்தைப் பளபளப்பாக ரெண்டர் செய்து அனுப்புகிறவர்கள் ஏராளம். இந்தக் காத்திருப்பு இடத்தை நீங்கள்தான் அனுப்ப முடியும். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் போர்ட்ஃபோலியோவுக்குப் பக்க வரம்பும் கோப்பு அளவும் சொல்லும். அதை இம்மியும் மீறாதீர்கள். கூட்டாகச் செய்த பிராஜெக்டில் உங்கள் பங்கு எது என்று தெளிவாக எழுதுங்கள்.

ஜூரி முன் நிற்பது

ஆங்கிலம் சரளமாக இல்லை என்ற பயம் தமிழ்வழியில் படித்தவர்களை மிகவும் வாட்டும். ஜூரியில் முதலில் பேசுவது படம். நீங்கள் சொல்ல வேண்டியது மூன்று வாக்கியம்: இந்த இடத்தில் நான் கண்டது இது, அதனால் நான் எடுத்த முடிவு இது, அது இந்த செக்ஷனில் இப்படித் தெரிகிறது. சொல்லும்போதே விரலைப் படத்தில் வையுங்கள். வீட்டில் தம்பி தங்கையை உட்காரவைத்துத் தமிழில் சொல்லிப் பாருங்கள். தமிழில் தெளிவாகச் சொல்ல முடிந்தால் ஆங்கிலத்திலும் வந்துவிடும். தமிழிலேயே குழம்பினால் குழப்பம் வடிவமைப்பில் இருக்கிறது என்று அறிந்து அதைச் சரிசெய்யுங்கள்.

விமர்சனம் கடுமையாக வரும். அதைக் கேட்டுக்கொண்டே பதில் யோசிக்காதீர்கள். சொல்வதை எழுதிக்கொள்ள நண்பர் ஒருவரிடம் முன்பே நோட்டைக் கொடுத்து வையுங்கள். அவர் முறை வரும்போது நீங்கள் எழுதித் தாருங்கள். ஆசிரியர் சொல்வதை ஏற்கவில்லை என்றால், ஏன் என்று காரணத்தோடு மரியாதையாகச் சொல்லலாம். அங்கே அதைத் திமிர் என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சும்மா தலையாட்டினால்தான் யோசிக்கவில்லையோ என்று நினைப்பார்கள்.

வெளிநாட்டில் வரைபடப் பயணம்

கட்டடத்தை நேரில் போய் வரைந்து கற்பது பழைய வழக்கம். ல கொர்புசியே என்ற ஆர்க்கிடெக்ட் 1911-ல் கிழக்கு ஐரோப்பா, துருக்கி, கிரீஸ், இத்தாலி என்று நோட்டோடு சுற்றினார். பின்னாளில் அவரிடம் பாரிஸில் வேலை பழகிய பாலகிருஷ்ண தோஷி 2018-ல் பிரிட்ஸ்கர் பெற்ற முதல் இந்தியரானார். இன்றும் ஜூரிக்கின் ஈ.டி.எச். பல்கலைக்கழகத்தில் ஒவ்வொரு செமஸ்டரிலும் பயணத்துக்கென்று ஒரு வாரம் உண்டு. அமெரிக்காவின் நோட்ர டேம் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு ஆர்க்கிடெக்சர் மாணவர்கள் ரோமில் படிக்கிறார்கள்.

பயணத்துக்கு முன், போகும் கட்டடத்தின் பிளானை நூலகத்திலிருந்து எடுத்து ஒருமுறை கையால் வரைந்துவிடுங்கள். நேரில் நிற்கும்போது அளவுகள்தான் அசத்தும். ரோமின் பாந்தியனில் குவிமாடத்தின் விட்டமும் தரையிலிருந்து அதன் உச்சிவரை உள்ள உயரமும் ஒன்றே, ஏறக்குறைய 43 மீட்டர். இது ஏற்கெனவே தெரிந்திருந்தால், நேரில் வரைய வேண்டியது வெளிச்சத்தைத்தான்.

பல அருங்காட்சியகங்களில் பென்சிலுக்கு மட்டும்தான் அனுமதி. வழிபாட்டு இடங்களில் பூசை நேரத்தில் நோட்டைத் திறக்காதீர்கள். நம் கோயிலில் எதிர்பார்க்கும் மரியாதையை அங்கேயும் கொடுங்கள். ஷெங்கன் நாடு ஒன்றின் மாணவர் குடியிருப்பு அனுமதி இருந்தால் மற்ற ஷெங்கன் நாடுகளுக்கு 180 நாளில் 90 நாள் வரை போய்வரலாம். பிரிட்டனில் படிக்கும் இந்தியர் ஐரோப்பியப் பயணத்துக்குத் தனி விசா எடுக்க வேண்டும். அதனால் ஸ்டுடியோ பயண அறிவிப்பு வந்தவுடனே விண்ணப்பியுங்கள். பயணச் செலவு கல்லூரிக் கட்டணத்தில் அடங்குமா, மாணவர் தலையில் விழுமா என்று சேரும் முன்பே மின்னஞ்சலில் கேட்டுப் பதிலைச் சேமித்து வையுங்கள்.

வழியும் பணமும்

பெரும்பாலோருக்கு நான் சொல்லும் வழி: ஐந்தாண்டு பி.ஆர்க். படிப்பை இங்கே முடித்து, ஓரிரு ஆண்டு வேலை பழகி, முதுநிலைக்கு வெளிநாடு போவது. பி.ஆர்க். சேர நாட்டா அல்லது ஜேஇஇ மெயின் இரண்டாம் தாள் நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். சென்னை அண்ணா பல்கலைக்கழகம், திருச்சி என்.ஐ.டி., மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரி எல்லாவற்றிலும் பி.ஆர்க். இருக்கிறது. இந்தியாவில் ஆர்க்கிடெக்ட் என்று பெயர் போட்டுத் தொழில் செய்ய, 1972-ம் ஆண்டு ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு வேண்டும். பிளஸ் டூ முடித்தவுடன் வெளிநாட்டில் மூன்றாண்டு இளநிலை சேர நினைப்பவர்கள், அந்தப் பட்டம் இங்கே பதிவுக்கு ஏற்கப்படுமா என்று கவுன்சிலிடம் எழுத்தில் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். அமெரிக்காவில் தொழில் உரிமம் பெற எண்ணுகிறவர்கள், சேரும் எம்.ஆர்க். படிப்புக்கு என்.ஏ.ஏ.பி. அங்கீகாரம் உண்டா என்று பாருங்கள். ஒரே பல்கலைக்கழகத்தில் அங்கீகாரம் உள்ளதும் இல்லாததுமாக இரண்டு படிப்புகள் இருக்கக்கூடும்.

ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் கல்விக் கட்டணம் இல்லை. விதிவிலக்கு உண்டு: பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 முதல் கட்டணம் வாங்குகிறது. விசாவுக்கு ஓராண்டு வாழ்க்கைச் செலவை முடக்கக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் அந்தத் தொகை 11,904 யூரோ என்று உயர்ந்தது. இந்திய மாணவர்களுக்குக் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழும் கட்டாயம். அதற்கே சில மாதம் ஆகலாம் என்பதால் முதலில் அதைத் தொடங்குங்கள். இத்தாலியில் குடும்ப வருமானத்தைப் பார்த்து மண்டல அரசுகள் உதவித்தொகை தருகின்றன.

உதவிக்கு: ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்குத் தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வி உதவித்தொகைத் திட்டம், மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை, எல்லோருக்கும் இன்லாக்ஸ், ஜே.என். டாடா கடன் உதவித்தொகை, எராஸ்மஸ் முண்டஸ். எந்தப் பிரிவுகளுக்கு, எவ்வளவு வருமானம் வரை, எந்தத் தேதிக்குள் என்பது ஆண்டுதோறும் மாறும். அந்தந்த ஆண்டின் அறிவிப்பை நேரடியாகப் படியுங்கள். தோட்டத்தை அடமானம் வைத்துக் கடன் வாங்கும் முன் இந்தக் கதவுகள் எல்லாவற்றையும் தட்டிப் பாருங்கள்.

புறப்படும் முன்

நம் ஊர்களில் ஓட்டு வீடுகள் வேகமாக இடிபடுகின்றன. பெரும்பாலானவற்றுக்கு ஒரு பிளான்கூடக் கிடையாது. கட்டிய மேஸ்திரிமாரும் போய்விட்டார்கள். நீங்கள் பழகுவதற்காக அளந்து வரையும் படம், அந்த வீட்டுக்கு மிஞ்சப்போகும் ஒரே ஆவணமாக இருக்கக்கூடும். அதனால் கோடு தெளிவாக, அளவு சரியாக, தேதியும் தெருவும் எழுதி வரையுங்கள். ஒரு பிரதி வீட்டாருக்கு, ஒரு பிரதி உங்கள் ஊர் நூலகத்துக்கு, மூன்றாவது உங்கள் போர்ட்ஃபோலியோவுக்கு. முதல் இரண்டையும் கொடுத்து முடித்த பிறகு விண்ணப்பத்தை அனுப்புங்கள்.